37-ஆம் வளையில் யார்? ஸ்கோமர் தீவில் பத்து நாள்

ஜூன் 9

வேல்ஸ் கரையில் உள்ள மார்ட்டின்ஸ் ஹேவனிலிருந்து ஸ்கோமர் தீவுக்குப் படகில் கால் மணி நேரம்தான். அந்தக் கால் மணி நேரத்துக்காக நேற்று முழுக்கக் கரையில் காத்துக் கிடந்தோம். வடக்குக் காற்று வீசினால் தீவின் துறையான நார்த் ஹேவனில் படகை அணைக்க முடியாது. இன்று காலை காற்று மேற்கே திரும்பியது, கிளம்பிவிட்டோம்.

படகேறும் முன்பே மூட்டை முடிச்சு எல்லாவற்றையும் திறந்து கொட்டிப் பார்த்துவிட்டோம். எலி இருக்கிறதா என்று. தூக்கப் பையைக்கூட உதறினோம். ஸ்கோமரில் எலி கிடையாது. தரைக்குள் முட்டையிடும் பறவைகள் லட்சக்கணக்கில் இங்கே வாழ்வதற்கு அது ஒரு பெரிய காரணம். வயிற்றில் குட்டியோடு ஒரே ஒரு எலி கரையேறினால் போதும், எல்லாம் போச்சு.

துறையிலிருந்து மேலே 87 படி. பெட்டிகளைச் சுமந்துகொண்டு நான்கு முறை ஏறி இறங்கினேன். படிகளின் இரு பக்கமும் பஃபின் என்ற கடற்பறவைகள் வளை வாசலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஆனால் நான் வந்தது எந்தப் பறவைக்காகவோ அது ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. பகலில் படாது. வேல்ஸின் தென்மேற்கு முனையில், மூன்று சதுர கிலோமீட்டருக்கும் குறைவான இந்தத் தீவில், 2018 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 3,50,000 இணை மாங்க்ஸ் ஷியர்வாட்டர்கள் கூடு வைக்கின்றன. உலகத்தில் உள்ள இந்த இனப் பறவைகளில் பாதி இந்தத் தீவிலும் பக்கத்தில் இருக்கும் ஸ்கோக்ஹோம், மிட்லண்ட் தீவுகளிலும்தான். பகலில் இணையில் ஒன்று மண்ணுக்குள் முட்டைமேல் உட்கார்ந்திருக்கும். மற்றது நடுக்கடலில் இரை தேடும். புல்மேட்டில் நின்று பார்த்தால் முயல் வளைகள் மட்டும்தான் தெரியும்.

இரவு பதினொன்றரைக்கு மேல் வெளியே வந்து நின்றேன். அமாவாசையை ஒட்டிய இருட்டு. முதலில் தலைக்குமேல் ஒரு குரல். தொண்டை கட்டியவர் மூச்சை இழுத்து இழுத்து அழுவது போல. அடுத்து அதற்குத் தரைக்கு உள்ளேயிருந்து பதில். அரை மணிக்குள் நாலா பக்கமும் அதே சத்தம். பறவைகள் புல்லில் வந்து ‘தொப்’ ‘தொப்’ என்று விழுந்தன. விழுந்தன என்றுதான் சொல்ல வேண்டும், இறங்கின என்று சொல்ல முடியாது. கால்கள் உடம்பின் பின்கோடியில் இருப்பதால் நிமிர்ந்து நடக்க வராது. நெஞ்சைத் தரையில் உராய்த்தபடி துடுப்புப் போட்டு நகர்ந்துதான் வளைக்குள் போகும். பகலில் இப்படி நகர்ந்தால் கருமுதுகுப் பெருங்கடற்காகம் கிழித்துப் போட்டுவிடும். அதற்குப் பயந்துதான் இருட்டிய பிறகு வருகை. பாதை ஓரத்தில் நெஞ்செலும்போடு ஒட்டிய வெறும் இறக்கைகள் நிறையக் கிடக்கின்றன.

ஜூன் 10

என் முனைவர் பட்ட ஆய்வில் இரண்டு கேள்விகள். ஒன்று வலசை: குளிர்காலத்தில் இந்தப் பறவைகள் எங்கே போகின்றன, எந்த வழியாகத் திரும்புகின்றன? இன்னொன்று பரவல்: பிறந்த தீவை விட்டு வேறு தீவில் போய்க் குடும்பம் நடத்துபவை எவை, எத்தனை? முதல் கேள்விக்குக் கருவி இருக்கிறது. இரண்டாவதற்குப் பொறுமையைத் தவிர வேறு வழி அநேகமாக இல்லை.

சென்ற ஆண்டு இருபது பறவைகளின் காலில் ஜியோலொக்கேட்டர் என்ற இடம் கணிக்கும் கருவியை மாட்டினேன். அது செயற்கைக்கோளோடு பேசாது. பறவை திரும்பி வந்து, நாம் பிடித்துக் கழற்றினால்தான் அது பார்த்தது நமக்குத் தெரியும். ஏப்ரல், மே மாதங்களில் இங்கே இருந்த சக ஆய்வாளர்கள் பதினாலைக் கழற்றிவிட்டார்கள். மிச்சம் ஆறைத் தேடி வந்திருக்கிறேன்.

ஆய்வு வளைகளின் கூரையில் ஒரு கைப்பிடி அகலத்துக்குத் திறப்பு வெட்டி, அதன்மேல் கல்பலகை வைத்திருப்போம். கல்லை நகர்த்தி முழங்கை வரை கையை விட்டுத் துழாவ வேண்டும். முதலில் படுவது அலகு. நுனியில் கொக்கி; விரலைப் பிடித்தால் லேசில் விடாது. பிறகு சூடான உடம்பு. அதன் கீழே வழவழவென்று ஒரே ஒரு வெள்ளை முட்டை. கையில் ஏறும் அந்த எண்ணெய்க் கவிச்சி மூன்று முறை சோப்புப் போட்டாலும் போகாது. எனக்கு அந்த வாசம் பிடிக்கும்.

இன்று நான்கு வளைகளைப் பார்த்தேன். மூன்றில் கருவியோடு பறவை இருந்தது. நான்காவதான 37-ஆம் வளையில் இருந்தது ஆண். நான் கருவி மாட்டியது அதன் இணையான பெண்ணுக்கு. மே மாதம் இரண்டு முறை பார்த்தபோதும் ஆண்தான் இருந்திருக்கிறது. முட்டை இருக்கிறது, ஆகவே ஒரு பெண் இருக்கிறாள். அவளா என்பதுதான் கேள்வி. அடைகாக்கும் முறை மாறக் கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆகும். அதுவரை உள்ளே இருப்பது பட்டினி.

வளை வாசலில் ஐந்து சுள்ளிகளை வேலி போல நட்டுவைத்துவிட்டு வந்தேன். இரவில் யார் நுழைந்தாலும் சுள்ளி சாயும். தினமும் கல்லைத் தூக்கித் தொந்தரவு செய்ய வேண்டாம்.

ஜூன் 11

சுள்ளிகள் நிற்கின்றன.

நேற்றுக் கழற்றிய மூன்றில் ஒன்றிலிருந்து தரவை இறக்கிவிட்டேன். திரையில் முதலில் வருவது வரைபடம் இல்லை. ஒளி அளவு மேலே ஏறி இறங்கும் வெறும் கோடு. கருவிக்குள் இருப்பது ஒரு கடிகாரம், ஓர் ஒளி உணரி, தண்ணீர் பட்டதா என்று குறித்துக்கொள்ளும் இரண்டு முனைகள். எடை சில கிராம். பறவை சுமார் 400 கிராம். சூரியன் எப்போது எழுந்தது, எப்போது விழுந்தது என்று மட்டும் அது எழுதிவைக்கிறது. இரண்டுக்கும் நடுவே வரும் உச்சிப்பொழுது கடிகாரத்தில் எத்தனை மணிக்கு விழுகிறதோ அதிலிருந்து தீர்க்கரேகை. பகல் எவ்வளவு நீளம் என்பதிலிருந்து அட்சரேகை. பழைய மாலுமிகளின் கணக்கேதான். 200 கிலோமீட்டர் வரை பிசகும். கடலைத் தாண்டும் பறவைக்கு அந்தப் பிசகு பெரிய குறையில்லை.

பெரிய குறை வேறு. மார்ச்சிலும் செப்டம்பரிலும் சம இரவு நாளை ஒட்டி உலகம் முழுக்கப் பகல் பன்னிரண்டு மணி நேரம். எங்கே இருந்தாலும் ஒரே பகல் என்றால் அட்சரேகை கணக்கிடவே முடியாது. என் பறவைகள் தீவை விட்டுக் கிளம்புவது சரியாக அந்தச் செப்டம்பரில்! பிஸ்கே விரிகுடா வரை புள்ளிகள் ஒழுங்காக வருகின்றன. பிறகு வடதுருவத்துக்கும் தென்துருவத்துக்கும் சிதறித் தெறிக்கின்றன. தீர்க்கரேகை மட்டும் நம்பகமாக மேற்கே நகர்ந்துகொண்டே இருக்கிறது. அக்டோபரில் புள்ளிகள் மறுபடி ஒன்று கூடும்போது பறவை பிரேசில் கரையோரம் தெற்கே போய்க்கொண்டிருக்கிறது. நடுவில் மேற்கு ஆப்பிரிக்கக் கடலில் அது எங்கெங்கே தங்கியது என்பதைத் தண்ணீர் முனைகளின் பதிவை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்: காய்ந்தே இருந்தால் பறக்கிறது, நனைந்தும் காய்ந்தும் மாறி மாறி வந்தால் இரை தேடுகிறது, நாள் முழுக்க நனைந்திருந்தால் ஓய்வு.

குளிர்காலம் முழுவதும் அர்ஜென்டினாவுக்கு அப்பால் படகோனியக் கடல். திரும்பும்போது அதே வழி இல்லை. இன்னும் மேற்கே ஒதுங்கி, கரீபியன் பக்கமாக ஏறி, அங்கிருந்து மேலைக் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு அட்லாண்டிக்கைக் குறுக்கே கடந்து வருகிறது. 2009-இல் வெளியான முதல் ஜியோலொக்கேட்டர் ஆய்வு இதே தீவின் பறவைகளில் கண்டதும் இந்தச் சுற்றுப்பாதைதான். படித்துத் தெரிந்த விஷயம்தான். ஆனால் நேற்று என் விரலைக் கடித்த பறவை போய்வந்த பாதை என்று பார்க்கும்போது நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றுதான் பார்த்தேன்.

ஜூன் 12

நாள் முழுக்க மழை. சுள்ளிகள் நிற்கின்றன.

குடிலில் உட்கார்ந்து பழைய பதிவேடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது 1952-இன் அந்தப் பறவையைப் பற்றிப் பேச்சு வந்தது. காலில் மாட்டிய அடையாள வளையத்தின் எண் ஏஎக்ஸ்6587. ஸ்கோக்ஹோமில் பிடித்த ஷியர்வாட்டரை, பாஸ்டன் சிம்ஃபனி இசைக்குழுவின் கிளாரினெட் கலைஞர் ரொசாரியோ மட்ஸேயோ விமானத்தில் கொண்டுபோய் பாஸ்டன் துறைமுகத்தின் பக்கம் பறக்கவிட்டார். அட்லாண்டிக்கைத் தாண்டி ஏறக்குறைய 5,000 கிலோமீட்டர். பன்னிரண்டரை நாளில் பறவை தன் வளைக்குத் திரும்பிவிட்டது. ‘விட்டுவிட்டேன்’ என்று அவர் போட்ட கடிதம் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது. ஸ்கோக்ஹோமில் குடியிருந்து, 1933-இல் அங்கே பிரிட்டனின் முதல் பறவை ஆய்வு நிலையத்தைத் தொடங்கியவர் ரொனால்ட் லாக்லி. இத்தகைய சோதனைகளை முப்பதுகளிலேயே தொடங்கி வைத்தவரும் அவர்தான். கணினியோ உணரியோ இல்லை. ஒரு வளையம், ஒரு வளை, விடிய விடியக் காவல். இவ்வளவுதான் அவரிடம் இருந்தது.

ஜூன் 13

வெயில். சுள்ளிகள் நிற்கின்றன. காலை முழுக்க தி விக் என்ற செங்குத்துப் பாறைப் பிளவில் இருந்தேன். எதிர்ச்சுவரில் கில்லிமாட் என்ற கடற்பறவைகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு அடுக்கடுக்காக. இந்தப் பக்கப் புல்மேட்டில் அலகு நிறைய மீனோடு பஃபின்கள்.

என் தோழி பஃபின்களை ஆராய்கிறார். அவருடைய கதை என்னுடையதைவிடச் சிக்கலானது. ஷியர்வாட்டர்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே ஊருக்குப் போகின்றன. பஃபின் அப்படி இல்லை. ஸ்கோமர் பஃபின்களில் கருவி மாட்டி 2011-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது இது: ஒன்று கிரீன்லாந்துப் பக்கம் போகிறது, இன்னொன்று மத்தியதரைக் கடலுக்குள் நுழைகிறது, மற்றொன்று நடு அட்லாண்டிக்கில் திரிகிறது. காற்று அடித்த பக்கம் போகின்றன என்றும் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அதே பறவை அடுத்த ஆண்டும் தன் பழைய பாதையையே பிடிக்கிறது. பெற்றோர் கற்றுக்கொடுத்திருக்க முடியாது. குஞ்சு ஓர் இரவில் தனியாகக் கடலில் இறங்கிவிடுகிறது. இனம் முழுமைக்கும் ஒரே பிறவி வரைபடம் என்றால் எல்லாம் ஒரே வழியில் அல்லவா போக வேண்டும்? சிறுவயதில் கடலெல்லாம் சுற்றிப் பார்த்து, தனக்கு ஒத்து வந்த வழியை ஒவ்வொன்றும் தானே வைத்துக்கொள்கிறது என்பதுதான் இப்போதைக்குப் பொருந்தி வருகிற விளக்கம். எனக்கு அதில் முழு நம்பிக்கை.

‘நீங்க உங்க பறவைங்க எங்கே இருக்குன்னு தெரிஞ்சு தூங்கலாம். நான் புயல் வந்தா எந்தப் பக்கம்னு கவலைப்படறது?’ என்று கேட்டார். 2013-14 குளிர்காலப் புயல்களில் மேற்கு ஐரோப்பியக் கரைகளில் 50,000-க்கும் மேற்பட்ட கடற்பறவைகள் செத்து ஒதுங்கின. பெரும்பாலும் பஃபின்கள், பெரும்பாலும் பிரான்ஸின் கரையில். சிலவற்றின் காலில் வளையம் இருந்ததால் எந்தத் தீவுப் பறவை என்றாவது தெரிந்தது.

ஜூன் 14

இன்று என் கால் ஒரு வளையின் கூரையைப் பொத்துக்கொண்டு முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. பாதையை விட்டு இரண்டடி விலகியதுதான் தவறு. உடனே படுத்துக் கையை விட்டுப் பார்த்தேன். உள்ளே பறவை, முட்டை இரண்டும் அறையின் கடைசியில் பத்திரமாக இருந்தன. மண்ணை அள்ளி வெளியே போட்டு, மேலே பலகை வைத்து, புல் கரணையால் மூடி, வெளிச்சம் கசியவில்லை என்று உறுதி செய்து முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. கூரை போன வளையை அப்படியே விட்டால் கடற்காகத்துக்கு அது திறந்த கதவு. சாயங்காலம் மறுபடி போய்ப் பார்த்தேன். இருந்தது.

37-இல் சுள்ளிகள் நிற்கின்றன.

ஜூன் 15

மிச்சம் இருந்த இரண்டு வளைகளில் ஒன்றில் கருவி கிடைத்தது. இன்னொன்று காலி. முட்டையும் இல்லை, சமீபத்தில் யாரும் தோண்டிய மண்ணும் இல்லை.

காலி வளையைப் பார்க்கும்போதெல்லாம் என் ஆய்வின் ஆதாரமான சங்கடம் முன்னால் வந்து நிற்கிறது. நாங்கள் போடும் வலசை வரைபடங்கள் எல்லாம் திரும்பி வந்த பறவைகளின் வரைபடங்கள். வராததன் பாதை அதன் காலிலேயே எங்கோ போய்விட்டது. புயலில் சிக்கியது எந்த வழியாகப் போனது, மீன் இல்லாத கடலுக்கு எது போனது? தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான். வருவதோ தப்பித்தவற்றின் சாட்சியம்.

பரவலில் சங்கடம் இன்னும் ஆழம். ஒரு வளையமிட்ட பறவை இந்த ஆண்டு வரவில்லை என்றால் அது செத்திருக்கலாம், வேறு தீவுக்குக் குடிபோயிருக்கலாம். பதிவேட்டில் இரண்டும் ஒரே வெற்றுக் கட்டம்தான். உயிர்பிழைப்பு விகிதம் என்று நாங்கள் கணக்கிடுவதில் குடிபெயர்ந்ததும் சாவாகவே விழுந்துவிடும். ஒரு முறை முட்டையிட்ட ஷியர்வாட்டர் இடம் மாறுவது மிக அரிது. ஆகவே வளர்ந்த பறவை வராவிட்டால் நாங்கள் மோசமானதைத்தான் நினைக்கிறோம். இடம் மாறுவது பெரும்பாலும் முதல் முறை குடியமர வரும் இளம்பறவை, அதிலும் ஆணைவிடப் பெண் அதிகம்.

37-ஆம் வளைப் பெண் குறைந்தது பதினோரு ஆண்டுகளாக இங்கே வருகிறாள். இந்த இனத்துக்கு அது வயதே இல்லை. பார்ட்ஸி தீவில் 1957-இல் வளையமிட்ட ஒரு பறவையை 2008-இல் மறுபடி பார்த்திருக்கிறார்கள்.

ஜூன் 16, இரவு

பிறை பாதியாகிவிட்டது. நிலா வெளிச்சத்தில் பறவைகள் அதிகம் இறங்காது, மறையும் வரை கடலிலேயே காத்திருக்கும். நானும் 37-க்குப் பத்தடி தள்ளிச் சிவப்பு விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றரைக்கு மேல் நிலா மறைந்தது. குரல்கள் நெருங்கின. இரண்டே கால் இருக்கும், வலப்பக்கம் ‘தொப்’. பிறகு புல் உரசும் சத்தம், நின்று நின்று. சுள்ளி ஒன்று முறிந்தது.

உள்ளிருந்து ஆணின் குரல். தெளிவாக, கொஞ்சம் குழல் நாதத்தோடு. பதிலுக்கு வந்தது கரகரத்த, நாதமே இல்லாத குரல். பெண்தான். இரண்டும் மாறி மாறி நெடுநேரம் பேசிக்கொண்டன. அவை முடிக்கும்வரை நான் அசையவில்லை. அரை மணி கழித்து ஆண் வெளியே வந்து, பாறைச் சரிவு வரை ஊர்ந்துபோய், விளிம்பிலிருந்து காற்றில் இறங்கிப் போனது. அதற்குப் பிறகுதான் கல்லை நகர்த்தினேன்.

காலில் கருவி இல்லை. இருந்தது வளையம் மட்டும். தேய்ந்து பளபளத்த வளையம். வேறு பறவை.

எண்ணை மூன்று முறை படித்து எழுதிக்கொண்டேன். கை நடுங்கியதால் எழுத்து கோணியிருக்கிறது. அந்த வரிசை எண் ஸ்கோமர் பதிவேட்டில் இல்லை.

ஜூன் 17

காலையில் ஸ்கோக்ஹோமைத் தொடர்புகொண்டு எண்ணைச் சொன்னேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன், ஆகஸ்ட் கடைசியில், அங்கே ஒரு வளையில் குஞ்சாக இருந்தபோது வளையமிட்டது. அதன் பிறகு எங்கும் பார்த்த பதிவு இல்லை. நேற்று இரவு வரை.

தெற்கே ஜன்னலில் ஸ்கோக்ஹோம் தெரிகிறது. நடுவே சுமார் 4 கிலோமீட்டர் கடல். இந்தப் பறவை தாய் தகப்பன் விட்டுப்போன பிறகு தனியாக இருட்டில் கடலில் விழுந்து, யாரும் வழிகாட்டாமல் தென் அமெரிக்கா போய், ஆண்டுதோறும் 20,000 கிலோமீட்டருக்குக் குறையாமல் போய்வந்து, கடைசியில் எடுத்து வைத்தது 4 கிலோமீட்டர். ஆனால் என் இரண்டாவது கேள்விக்கு அந்த 20,000 ஒன்றும் செய்யாது. எவ்வளவு தூரம் போனாலும் புறப்பட்ட இடத்துக்கே வந்தால் தீவுகளின் கணக்கு மாறுவதில்லை. ஒரு தீவின் ரத்தம் இன்னொரு தீவில் கலந்தது இந்த 4 கிலோமீட்டரில். அதைப் பிடிக்க ஒரு தீவில் ஒருவர் குஞ்சுக்கு வளையம் மாட்டியிருக்க வேண்டும். எட்டு ஆண்டு கழித்து இன்னொரு தீவில் ஒருவர் சரியான வளைக்குள் கையை விட வேண்டும். ஸ்கோக்ஹோமில் அந்த ஆகஸ்ட் மாதம் முழங்காலிட்டு மண்ணுக்குள் கைவிட்டவருக்கு என் நன்றி.

பழைய பெண்ணைப் பற்றி எழுதாமல் முடிக்க மனம் வரவில்லை. அவள் முன்பு சுமந்த கருவிகளின் பதிவை வைத்து, படகோனியாவுக்கு இரண்டு முறை அவளோடு வரைபடத்தில் போய்வந்திருக்கிறேன். இரண்டு ஆண்டும் மார்ச் மாதம் ஒரே வாரத்தில் திரும்பினாள். அவள் காலில் இருந்த கருவி இப்போது எங்கே கிடந்து வெளிச்சத்தையும் இருட்டையும் எழுதுகிறதோ, அல்லது எழுதி முடித்துவிட்டதோ. அவள் பெயருக்கு நேரே ‘காணவில்லை’ என்று எழுதினேன். ‘இறந்தது’ என்று எழுத எனக்கு ஆதாரம் இல்லை.

கையில் ஒரே ஒரு கருவி மீதம் இருந்தது. பல ஆண்டுப் பதிவு உள்ள வேறொரு பறவைக்குத்தான் அதை ஒதுக்கியிருந்தோம். என் ஆய்வு வழிகாட்டியிடம் தொலைபேசியில் பேசினேன். புதிதாகக் குடியேறியது, அடுத்த ஆண்டு இதே வளைக்கு வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்றார். அதனால்தான் அதற்கு மாட்ட வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு, சரி, மாட்டுங்கள் என்றார்.

ஜூன் 18

காலை ஆறு மணிக்கு 37-க்குப் போனேன். கல்லை நகர்த்தி, துணிப்பையில் எடுத்து, இடது காலில் கருவியை மாட்டினேன். கால் சுழல்கிறதா, தோல் சிக்கியிருக்கிறதா என்று இருமுறை பார்த்தேன். நான்கு நிமிடம் ஆனது. திரும்ப உள்ளே விட்டதும் நேராக முட்டையிடம் போய், அலகால் அதை வயிற்றுக்குக் கீழே தள்ளிக்கொண்டது. ஐந்து சுள்ளிகளையும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். கல்லை மூடினேன்.

பதினொரு மணிப் படகு. ஜாக் சவுண்ட் என்ற குறுகிய நீரிணையில் நீரோட்டம் எதிரே வந்ததால் மெதுவாகத்தான் போனோம். அடுத்த மே மாதத்துக்குக் குடிலில் இடம் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன்.